துறைக் குறியீடும் செலண்டார் மண்டபமும்

ஒரு தமிழ் நாளிதழின் மலாக்கா நிருபராக இருந்த கடைசிச் சில ஆண்டுகளில், புதன்கிழமைதோறும் வரும் வேலை வழிகாட்டிப் பக்கமும் என் பொறுப்பில் இருந்தது. வாசகர்கள் கேள்வி அனுப்புவார்கள், நான் விசாரித்துப் பதில் எழுதுவேன். நான் ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கும் நீங்கள் அவ்வப்போது என்னை அழைக்கிறீர்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஆன்ட்டி, டிகிரியோட கோட் வேறயா இருந்தா கவர்மெண்ட் வேலை கெடைக்காதா? வாசகருக்கு என்ன பதில் போடுறது?"

ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் அது எந்தத் துறையைச் சேர்ந்தது என்று காட்டும் ஓர் எண் உண்டு. படிப்பைப் பதிவு செய்யும்போது கொடுக்கப்படுவது. சான்றிதழில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. படித்து முடிக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வேலைக்கு மனுப்போடும்போது யாரோ சொல்வார்கள். அன்றிலிருந்து தூக்கம் போய்விடும்.

நானும் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தவள்தான். எழுதவிடாமல் என்னைத் தடுத்த சிலருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். பதில் அதற்குள் இருக்கிறது.

அந்த வாரம் ஒரு படம் எல்லாருடைய கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்தில் சில குறியீடுகள், கீழே ஒரு வரி: 'இந்தக் குறியீடு உள்ள பட்டதாரிகளுக்கு இனி அரசாங்க வேலை கிடையாது. உடனே பகிரவும்.' யார் வெளியிட்டது என்று எங்கும் இல்லை. திங்கள்கிழமை இரவுக்குள் ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கோலாலம்பூரிலிருந்து செய்தி ஆசிரியர் அழைத்தார்.

"பாத்தியாம்மா? நாளைக்கு உன் பக்கத்துல அதான் தலைப்பு. ஆறு மணிக்குள்ள அனுப்பிரு."

நான் கணினியைத் திறந்து 'குறியீடு மாறினால் அரசு வேலை இல்லை' என்று தலைப்புப் போட்டேன். கடைசியில் ஒரு கேள்விக்குறி சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நிச்சயமில்லாத செய்திக்குக் கேள்விக்குறி போட்டுத் தப்பித்துக்கொள்வது நம் தொழிலில் உள்ள பழக்கம். அதைப் பழகிக்கொள்ளாதீர்கள்.

அப்போதுதான் தர்ஷினியும் அவள் அப்பாவும் படியேறி வந்தார்கள். தெங்கேராவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே ஒரே அறைதான் எங்கள் அலுவலகம். அப்பா செலண்டார் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களில் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். வேலைச் சட்டையோடு வந்திருந்தார். நாற்காலியில் கறை பட்டுவிடுமென்று நுனியில் உட்கார்ந்தார். தர்ஷினி சுற்றுச்சூழல் மேலாண்மையில் பட்டம் பெற்றவள். அரசாங்கத்தில் சுற்றுச்சூழல் கண்காணிப்பு அதிகாரி வேலைக்கு நேர்முகத்தேர்வு அழைப்பு வந்திருந்தது, வியாழக்கிழமை காலையில்.

"அதே வியாழக்கெழம காலையிலதாம்மா ஃபேக்டரியிலயும் வரச் சொல்லியிருக்காங்க" என்றார் அப்பா. "ஆயர் குரோவுல. சூப்பர்வைசர் வேல. அன்னைக்கே வந்து கையெழுத்துப் போடணுமாம். போடலன்னா வேற ஆளாம். தள்ளிவைக்க முடியுமான்னு கேட்டுப் பாத்துட்டோம், முடியாதாம்."

"கவர்மெண்ட் இன்டர்வியூவுக்குப் போகத்தான் ஆன்ட்டி இருந்தேன்" என்றாள் தர்ஷினி. "நேத்து அந்தப் படம் வந்துச்சு. காலேஜுக்கு போன் பண்ணி என் கோட்டக் கேட்டேன், அது அந்தப் படத்துல இருக்கு. என் கோர்ஸ மேனேஜ்மெண்ட் பக்கம் பதிஞ்சிருக்காங்களாம். சுற்றுச்சூழல் அறிவியல்ல இல்லையாம்."

"போய் நின்னா பிளாக்லிஸ்ட் பண்ணிருவாங்கன்னு மச்சான் மகன் சொல்றான்" என்றார் அப்பா. "அப்புறம் எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டாங்களாம். அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. போகவா, வேணாமா?"

அவர் கேட்டது என் தலைப்பைத்தான். நான் திரையில் போட்டு வைத்திருந்த வரியை அப்படியே வாசித்திருந்தால் அவர் எழுந்து, நன்றி சொல்லி, மகளைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போயிருப்பார்.

நல்ல வேளையாக, பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்கும் வழக்கம் எனக்கு இருந்தது. "மனுவில் எந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தாய்?" என்றேன்.

தர்ஷினி அப்பாவைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது ஆன்ட்டி. குணா அண்ணன்தான் போட்டாரு."

குணாவை எனக்குத் தெரியும். காப்புறுதி முகவர், செலண்டார் கோயில் இளைஞர் பிரிவின் பொறுப்பாளர். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை கோயில் மண்டபத்தில் 'மனு நாள்' நடத்துவார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் படித்து முடித்த பிள்ளைகள் எல்லாரும் கோப்புகளோடு வந்து உட்காருவார்கள். குணாவும் நண்பர்களும் மடிக்கணினிகளை வரிசையாக வைத்து அவர்களுடைய அரசாங்க வேலை மனுக்களைக் கணினியில் பூர்த்தி செய்து தருவார்கள். நண்பகலில் தயிர்ச்சாதம், மாலையில் வடை, தேநீர். அந்த நாளைப் பற்றி நானே இரண்டு முறை படத்தோடு செய்தி போட்டிருக்கிறேன். 'இளைஞர்களுக்கு அரிய சேவை' என்று. மனுவில் என்ன எழுதுகிறார்கள் என்று ஒருமுறையும் எட்டிப் பார்த்ததில்லை.

குணாவை அழைத்தேன். மலாக்காவில்தான் ஏதோ வேலையாக இருந்தார். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். தர்ஷினியின் அப்பாவைப் பார்த்ததும் சிரித்தபடி, "என்ன மாமா, லோரிய எங்க பார்க்கிங் போட்டீங்க, சம்மன் வச்சிரப் போறான்" என்றவர், மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"குணா, இந்தப் பிள்ளைக்கு என்ன துறை போட்டீங்க?"

"சுற்றுச்சூழல் அறிவியல் அக்கா."

"சான்றிதழில் மேலாண்மை என்று இருக்கிறதே?"

"அதப் போட்டா இன்டர்வியூ கால் வரமாட்டேங்குது லா. மொத வருஷம் எல்லாருக்கும் இருக்கறபடியேதான் போட்டோம். ஒருத்தனுக்கும் வரல. ஒரே ஒரு பையன் அறிவியல்னு போட்டிருந்தான், அவனுக்கு மட்டும் வந்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் கிட்டத்துல வர்ற கோர்ஸ் எல்லாத்துக்கும் அதையே போட்டுர்றோம். கால் வருது பாருங்க. இந்தப் புள்ளைக்கும் வந்திருக்கே."

கீழே கடையில் வெங்காய மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப பொய்யா எழுதியிருக்கீங்களா குணா?" என்றார் அப்பா, குரலை உயர்த்தாமல்.

"மாமா, நான் நல்லதுக்குத்தான்..."

"நீ நல்லதுக்குத்தான் செய்வ. அது எனக்குத் தெரியாதா? இப்ப எம்மக என்ன செய்யணும், அதச் சொல்லு."

குணா என் பக்கம் திரும்பி, "அக்கா, இத மட்டும் பேப்பர்ல போட்டுறாதீங்க. அடுத்த தடவ ஒருத்தரும் மண்டபத்துக்கு வரமாட்டாங்க. அந்தப் புள்ளைங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்றார். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன். ஒரு மனிதர் தவறு செய்திருக்கிறார் என்பதும் அவர் கெட்டவர் என்பதும் இரண்டு வேறு செய்திகள். ஒன்றுக்கு ஆதாரம் இருப்பதால் இன்னொன்றுக்கும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

நான் செய்தி ஆசிரியரை அழைத்தேன். அவரிடம்தான் நான் தொழில் கற்றேன். பாராட்டே தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். நடந்ததைச் சொன்னேன். தலைப்பை மாற்றி மண்டபத்துக் கதையை முதல் பக்கத்துக்குக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்தக் கோட வச்சு அந்தப் பொண்ண வேண்டாம்னு சொல்ல அதிகாரம் உள்ள ஆளு யாரு?"

"நேர்முகத்தேர்வு நடத்தும் அலுவலகம்."

"அவங்ககிட்ட பேசுனியா?"

"இல்லை."

"காலேஜ்கிட்ட அந்தப் பொண்ணு பேசியாச்சு. குணாகிட்ட நீ பேசியாச்சு. மச்சான் மகன்கிட்ட அப்பா பேசியாச்சு. முடிவு பண்றவங்ககிட்ட மட்டும் ஒருத்தரும் பேசல. தலைப்ப எடுத்துரு. பேசிட்டு வா, ஆறு மணி தாண்டுனாலும் பரவால்ல, பக்கத்த நான் நிறுத்தி வைக்கிறேன்."

அவர் பக்கத்தை நிறுத்தி வைத்தது என் அனுபவத்தில் அந்த ஒரு முறைதான். அச்சகத்தில் யாரிடம் என்ன திட்டு வாங்கினாரோ, அதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அலுவலகத்துக்கு அழைத்தேன். ஒருவர் இன்னொருவருக்கு மாற்றினார், அவர் வேறொருவருக்கு. கடைசியாக வந்த அம்மையார் மலாய்க்காரர், பொறுமையாகப் பேசினார். குறியீட்டைச் சொல்லி 'தகுதி உண்டா, இல்லையா' என்று கேட்டிருந்தால் அவரும் ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். 'இந்த எண்ணை எந்தக் கட்டத்தில், எதற்காகப் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டேன். அவர் விளக்கினார். எந்தப் பட்டமும் போதும் என்ற வேலைகளுக்கு எண் ஒரு தடையாக வருவதில்லை. படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதுதான் முக்கியம். குறிப்பிட்ட துறை கேட்கும் வேலைகளுக்கு விளம்பரத்தில் உள்ள துறைதான் அளவுகோல். பட்டத்தின் பெயரை வைத்துத் துறை விளங்காவிட்டால் எண்ணைப் பார்ப்பார்கள். அதிலும் சந்தேகம் இருந்தால், படித்த பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சுற்றிவரும் படத்தைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒரு பட்டியலைத் தாங்கள் வெளியிடவில்லை என்றார்.

"மனுவில் ஒரு துறையும் சான்றிதழில் வேறு துறையும் இருந்தால்?"

அம்மையார் சொன்னார்: "அது எண்ணைப் பற்றிய கேள்வி இல்லை. அது விண்ணப்பதாரரைப் பற்றிய கேள்வி. ஆவணங்களைச் சரிபார்க்கும் மேசையில் முடிவு செய்வார்கள். தொலைபேசியில் என்னால் சொல்ல முடியாது."

நான் கைப்பேசியை வைத்ததும் அப்பா முன்னால் சாய்ந்தார். "என்னம்மா சொல்றாங்க? கெடைக்குமா?"

கேட்டதை அப்படியே சொன்னேன். பிறகு, "மேசையில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது" என்றேன்.

இருபத்தைந்து ஆண்டு நிருபர் வேலையில் நான் சொன்ன வாக்கியங்களில் சொல்லக் கடினமாக இருந்தது அதுதான். டீசல் போட்டு, அரை நாள் கூலியை விட்டுவிட்டு, செலண்டாரிலிருந்து வந்திருக்கும் மனிதர் முன்னால் 'தெரியாது' என்பது. தெரிந்ததுபோல் ஒரு பதில் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. "அப்ப ரெண்டும் போனாலும் போயிரும்" என்றார்.

"போனாலும் போயிரும்பா" என்றாள் தர்ஷினி. "ஃபேக்டரிக்குப் போனா அது நிச்சயம். ஆனா அந்த மனு என் பேருல அங்க கெடக்குதுல்ல? அடுத்த தடவ வேற வேலைக்குப் போட்டாலும் அது அங்கயேதான் இருக்கும். நான் போய் அது தப்புன்னு சொல்லிர்றேன்."

அப்பா மகளைப் பார்த்தார். "ரொம்ப படிக்க வச்சிட்டேன் போல" என்றார். அவர் சம்மதித்துவிட்டார் என்பது அதிலிருந்துதான் எங்களுக்குப் புரிந்தது.

அன்று மாலை பக்கத்தில் போனது சிறிய செய்தி. அந்தப் பட்டியலுக்கு ஆதாரம் இல்லை, குறிப்பிட்ட துறை கேட்கும் வேலைகளுக்கு மட்டும் துறை பார்க்கப்படும், மனு வேறொருவர் பூர்த்தி செய்ததாக இருந்தால் நேர்முகத்தேர்வுக்கு முன் உங்கள் மனுவை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள், பிழை இருந்தால் ஆவண மேசையில் நீங்களாகவே சொல்லுங்கள். மண்டபத்தின் பெயர் இல்லை, குணாவின் பெயர் இல்லை. வாசகருக்குத் தேவையானது எச்சரிக்கை, ஆள் இல்லை என்று முடிவு செய்தேன். இன்று யோசித்தாலும் அதே முடிவுக்குத்தான் வருவேன். ஆனால் மண்டபத்துக்கு வந்த எல்லாரையும் குணாவே அழைத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். புதன்கிழமை முழுக்க அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சிலர் திட்டினார்கள், சிலர் பேசாமல் வைத்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்.

வியாழக்கிழமை குணாதான் அவர்களை நேர்முகத்தேர்வு அலுவலகத்துக்குத் தன் காரில் அழைத்து வந்தார். நானும் போனேன். செய்தி எழுதுவதற்காக அல்ல. தெரியாது என்று சொன்னவள், தெரியவரும்போது அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆவண மேசை கூடத்திலேயே இருந்தது. கண்ணாடி போட்ட நடுத்தர வயது அதிகாரி. தர்ஷினி கோப்பை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள், மலாயில், தயார் செய்து வந்ததுபோல் ஒரே மூச்சில்: மனுவில் துறை தவறாக இருக்கிறது, என் படிப்பு மேலாண்மைத் துறையில் பதிவானது, திருத்த வேண்டும்.

அதிகாரி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதை யார் பூர்த்தி செய்தது?"

எனக்குப் பக்கத்தில் நின்ற குணா ஓரடி முன்னால் வைத்தார். வாயைத் திறந்தும்விட்டார்.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் தர்ஷினி, திரும்பிப் பார்க்காமல். "வாசித்துப் பார்க்காமல் அனுப்பினேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. கடைசிப் பொத்தானை விண்ணப்பதாரரே அழுத்துவதுதான் மண்டபத்து வழக்கம். ஆனால் இன்னொருவரைக் கைகாட்டினால் தப்பித்துவிடலாம் என்ற இடத்தில், கைகாட்ட வேண்டிய ஆள் மூன்றடி தூரத்தில் நிற்கும்போது, அவள் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். குணா அப்படியே நின்றார்.

அதிகாரி மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் காத்திருந்தோம். அப்பாவின் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். "ஃபேக்டரி" என்றார். அடித்து ஓயும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டார்.

அதிகாரி திரும்பி வந்தார். நீரின் தரம், கழிவு நிர்வாகம், சூழலியல், சுற்றுச்சூழல் சட்டம் என்று பட்டியலில் இருந்த பாடங்களில் வட்டம் போட்டிருந்தார். விளம்பரத்தில் 'தொடர்புடைய துறைகள்' என்றும் இருக்கிறது, இந்தப் பாடங்கள் அதற்குப் போதும் என்றார். மனுவில் திருத்தம் செய்து அவளிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "நீ சொன்னதால் இது திருத்தம். நான் கண்டுபிடித்திருந்தால் நீ இப்போது வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாய். உள்ளே போ" என்றார்.

எல்லாருக்கும் அப்படி முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே மண்டபத்தில் மனுப்போட்ட, வணிகம் படித்த ஓர் இளைஞரை மறுநாள் அதே மேசையில் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய பாடங்களில் வட்டம் போட எதுவும் இல்லை. முடிவு சரியானதுதான். அவரும் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் மனுவைத் திருத்தி வேறு வேலைக்குப் போட அனுமதித்தார்கள். ஆகவே வாசகர் கேட்டால், 'துறை முக்கியமா' என்பதற்கு விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். விளம்பரம் இல்லாமல் குறியீட்டை மட்டும் அனுப்பியிருந்தால், விளம்பரத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

தொழிற்சாலை வேலை அன்றே போய்விட்டது. முடிவு வரும்வரை தர்ஷினி கிளேபாங்கில் உறவினரின் இளநீர்க் கடையில் நின்றாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு குவளை வாங்கிக் குடிப்பேன். ஒருமுறையும் காசு வாங்கமாட்டாள், முடிவைப் பற்றியும் பேசமாட்டாள். "வந்துச்சான்னு கேக்காதீங்க ஆன்ட்டி, வந்தா நீங்கதான் மொதல்ல" என்பாள். சில மாதங்கள் கழித்துச் சொன்னபடியே அழைத்தாள். கிடைத்துவிட்டது, கடல் தாண்டி சபாவில். அப்பா கைப்பேசியைப் பிடுங்கி, "பிளேன்ல போகணுமாம்மா, லோரி போகாத ஊரு" என்றார்.

அந்த ஆண்டு இறுதியில் செலண்டாரில் மீண்டும் மனு நாள் வைத்தார்கள். ஆள் வராது என்று குணா பயந்ததுபோல் இல்லை, கூட்டம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். நான் போனபோது அவர் மடிக்கணினிகள் எதையும் வைக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கைப்பேசியிலும் அவரவர் மனு திறந்திருந்தது. மேசையில் வேலை விளம்பரங்களின் நகல்கள் இருந்தன. குணா ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓர் அம்மா மகனின் கைப்பேசியை அவரிடம் நீட்டினார். "நீயே போட்டுரு தம்பி. ஒனக்குத்தான் எது போட்டா வரும்னு தெரியும்."

"எனக்குத் தெரியாதுக்கா" என்றார் குணா. "அவன் படிச்சத அவனே போடட்டும். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையன் முதல் கட்டத்தை உரக்க வாசிக்கத் தொடங்கினான்.